பெர்லினில் சைக்கிள் தடத்தை மறித்து நிற்கும் கார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்லினுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் சைக்கிள் வாங்கிய முதல் மாதத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். ரோட்டில் அழகாகக் கோடு போட்டு சைக்கிள் படமும் வரைந்து வைத்திருக்கிறார்களே, அதில் ஏன் எப்போது பார்த்தாலும் ஒரு கார் நிற்கிறது, நின்றால் நாம் என்ன செய்வது? கார் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள், பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்த பிறகு. நான் தினமும் காலையில் மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு மழலையர் பள்ளி வரைக்கும், அங்கிருந்து வேலைக்கும் சைக்கிளில் போகிறவள். வாடகைக் கார் எடுத்து ஓட்டுவதும் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு கார் நின்றால் என்ன இப்போது? சுற்றிக்கொண்டு போக முடியாதா?

இந்தக் கேள்வியைச் சைக்கிள் ஓட்டாதவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன நவம்பரில் ஒரு காலை, லேசாகத் தூறிக்கொண்டிருந்தது, ரோடெல்லாம் ஈர இலை. நான் போகும் தெருவில் டிராம் ஓடுகிறது. தண்டவாளத்துக்கும் ஓரமாக நிறுத்தியிருக்கும் கார்களுக்கும் நடுவில் சைக்கிளுக்கு ஒரு தடம், அவ்வளவுதான் இடம். அந்தத் தடத்தில் ஒரு பார்சல் வேன், நாலு இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டு, பின்கதவைத் திறந்து போட்டு நின்றது. டிரைவர் ஆள் இல்லை. வேனைச் சுற்ற வேண்டுமென்றால் நான் இடதுபக்கம் போய், தண்டவாளத்தைத் தாண்டி, வேனைக் கடந்து, மறுபடி தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே வர வேண்டும். சைக்கிள் சக்கரம் தண்டவாளத்தின் பள்ளத்துக்குள் இறங்கிவிடாமல் இருக்க அதைக் குறுக்காக, முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் மாட்டிக்கொள்ளும், ஈரமாக இருந்தால் வழுக்கியும் விடும். செங்குத்தாகத் திரும்ப இடம் வேண்டும். எனக்குப் பின்னாலோ டிராம் மணி அடித்துக்கொண்டு வருகிறது. நான் பிரேக் பிடித்து, இறங்கி, சைக்கிளைத் தூக்கி நடைபாதையில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன். பின்சீட்டில் பதினைந்து கிலோ குழந்தையோடு விளிம்புக்கல்லில் சைக்கிளை ஏற்றிப் பாருங்கள், தெரியும். "அம்மா, ஏன் இறங்கிட்ட?" என்று மகள் கேட்டாள். வேன்காரர் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, "ஒரே நிமிஷம்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவருக்கு ஒரு நிமிஷம். எனக்கு அது கார்களும் டிராமும் ஓடும் தடத்துக்குள், அவர்கள் எதிர்பார்க்காத இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நுழைவது. சைக்கிள் தடத்தில் நிற்கும் காரில் யாரும் நேராகப் போய் மோதி அடிபடுவது குறைவு. அதைச் சுற்றப் போகும்போதுதான் பின்னால் வரும் வண்டி தட்டுகிறது, அல்லது நின்ற காரின் கதவு திடீரென்று திறந்து முகத்தில் அடிக்கிறது. இடைஞ்சல் என்ற சொல்லே இதற்குச் சரியில்லை என்று எனக்குத் தோன்றும். தடத்தில் கார் நிற்கிறது என்றால், அந்த இடத்தில், அந்த நேரத்தில், தடமே இல்லை என்று அர்த்தம்.

அப்படி மறித்திருக்கும்போது பத்திரமாகக் கடப்பது எப்படி?

தூரத்திலேயே முடிவெடுங்கள். முப்பது நாற்பது மீட்டர் முன்பே பார்த்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். வேகத்தைக் குறைத்து, இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பாருங்கள், கையை நீட்டி சைகை காட்டுங்கள், இடைவெளி இருந்தால் மட்டும் வெளியே வாருங்கள். தடத்தை விட்டு வெளியே வரும்போது ஏற்கெனவே ரோட்டில் வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, "மறித்தது கார்தானே, எனக்கு வழி விடட்டும்" என்பது சட்டப்படி செல்லாது. வெளியே வந்துவிட்ட பிறகு உங்களை முந்துகிற கார் ஊருக்குள் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் போக வேண்டும், 2020இல் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நிற்கிற காருக்குப் பக்கத்தில் போகும்போது நீங்களும் ஒரு மீட்டராவது தள்ளிப் போங்கள், கதவு திறந்தால் தப்பிக்க.

இடைவெளி இல்லையா, நில்லுங்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். டிராம் தண்டவாளம் இருந்தால் நான் யோசிப்பதே இல்லை, இறங்கிவிடுவேன்.

நீல வட்டத்தில் வெள்ளை சைக்கிள் படம் போட்ட பலகை இருந்தால் சைக்கிள்காரர்கள் அந்தத் தடத்தில்தான் போக வேண்டும், ரோட்டில் போகக் கூடாது. ஆனால் தடம் மறிக்கப்பட்டு, போக முடியாமல் இருந்தால் அந்தக் கட்டாயம் கிடையாது. யாராவது ஹாரன் அடித்து "தடத்தில் போ" என்று கத்தினால் மனம் தடுமாற வேண்டாம்.

விட்டு விட்டுக் கோடு, முழுக் கோடு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

முழு வெள்ளைக் கோடு போட்டு, நீலப் பலகையும் இருந்தால் அது ராட்ஃபார்ஷ்ட்ரைஃபன். சைக்கிளுக்கு மட்டுமான தடம். கார் அதில் ஓடக் கூடாது, நிற்கவும் கூடாது. வலதுபக்கம் பார்க்கிங் இடம் இருந்தால் அதற்குள் போவதற்காகக் குறுக்கே கடக்கலாம், அவ்வளவுதான்.

விட்டு விட்டுக் கோடு போட்டிருந்தால் ஷுட்ஸ்ஷ்ட்ரைஃபன், பாதுகாப்புத் தடம் என்று சொல்லலாம். லாரி, பஸ் மாதிரி அகலமான வண்டிகள் தேவைப்பட்டால், சைக்கிள்காரருக்கு ஆபத்து வராமல், இதன் மேல் ஏறிப் போகலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முன்பு இதில் நிறுத்தி வைக்கத்தான் தடை, மூன்று நிமிஷத்துக்குள் சும்மா நிற்கலாம் என்று இருந்தது. 2020 ஏப்ரல் 28 முதல் அதுவும் போய்விட்டது. இப்போது நிற்பதே தவறு. பத்து வருஷத்துக்கு முன் ஓட்டுநர் உரிமம் எடுத்த பலருக்கு இது இன்னும் தெரியவில்லை, தெரியாமல் செய்கிறவர்களிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

அப்புறம், நடைபாதைக்குப் பக்கத்தில் சிவப்புக் கல் பதித்த பழைய சைக்கிள் பாதைகள் இந்த ஊரில் நிறைய உண்டு. அவற்றிலும் கார் நிறுத்தக் கூடாது. பாதி டயர் மேலே, பாதி கீழே என்று நிறுத்தினாலும் அதே கதைதான்.

நான் காரை விட்டு இறங்கவே இல்லை, இரண்டே நிமிஷம். அதுவும் பார்க்கிங்கா?

ஜெர்மன் சாலை விதிகளின் 12வது பிரிவு ரொம்ப எளிமையாகச் சொல்லிவிடுகிறது: வண்டியை விட்டு அகன்றாலோ, மூன்று நிமிஷத்துக்கு மேல் நின்றாலோ அது பார்க்கிங். நீங்கள் இறங்காமல் இரண்டு நிமிஷம் இருந்தால் அது பார்க்கிங் ஆகாது, நிற்பது. ஆனால் சைக்கிள் தடத்தில் நிற்பதும் தடைதான் என்று மேலே பார்த்தோமே. அதனால் இந்தக் கணக்கு உங்களைக் காப்பாற்றாது.

நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டால் சட்டம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. அப்படி எந்த விதியும் இல்லை. அந்த விளக்கு வண்டி பழுதாகி நின்றால் போட வேண்டியது. உண்மையிலேயே வண்டி பழுதாகி நின்றால் அது வேறு விஷயம், அதற்கு யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

அபராதம் எவ்வளவு?

2021 நவம்பர் 9 அன்று வந்த புதிய பட்டியலில் தொகை நன்றாகவே கூடியது. சைக்கிள் பாதையில் நிறுத்தினால் 55 யூரோ. அதனால் யாருக்காவது வழி மறிபட்டால் 70 யூரோ, அதோடு ஃப்ளென்ஸ்பர்க்கில் இருக்கும் ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு புள்ளி. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாலும் அதே 70, அதே புள்ளி. யாராவது ஆபத்துக்கு உள்ளானால் 80, ஏதாவது சேதமானால் 100, இரண்டிலும் புள்ளி உண்டு. விட்டு விட்டுக் கோடு போட்ட தடத்தில் நின்றாலும் 55இல்தான் ஆரம்பிக்கிறது. 70 யூரோ என்று வரும்போது அது எச்சரிக்கைத் தொகை என்ற கணக்கிலிருந்து முறையான அபராதமாக மாறிவிடுவதால், நடைமுறைக் கட்டணமும் சேரும். ஆகக் கிட்டத்தட்ட நூறு யூரோ.

பணத்தைவிடப் புள்ளிதான் உறைக்கிறது. ஒரு புள்ளி இரண்டரை வருஷம் பதிவேட்டில் இருக்கும், எட்டு சேர்ந்தால் உரிமம் போய்விடும். பார்க்கிங்குக்குப் புள்ளியா என்று ஒரு நண்பர் கோபப்பட்டார். அவர் ரோட்டோரக் கட்டணப் பார்க்கிங்கில் சீட்டு வைக்க மறந்ததையும் இதையும் ஒன்றாக நினைத்துவிட்டார். இரண்டும் ஒன்றல்ல என்று சட்டமே சொல்கிறது என்பதற்குத்தான் அந்தப் புள்ளி.

டாக்சிக்கு, பார்சல் வண்டிக்கு, மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருப்பவருக்குச் சலுகை உண்டா?

டாக்சிக்கு ஒரு சலுகை உண்டு: போக்குவரத்து இடம் கொடுத்தால், ஓரமாக நிற்கும் கார்களுக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையில் நின்று ஆளை ஏற்றி இறக்கலாம். அது ரோட்டில். சைக்கிள் தடத்தில் அல்ல. பார்சல் நிறுவன வண்டிகளுக்கு இந்த விஷயத்தில் தனிச் சலுகை எதுவும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை பல இடங்களில் உதவும், சைக்கிள் தடத்தில் நிறுத்த உதவாது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அவசர வேலையில் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், நிற்கட்டும்.

பார்சல் டிரைவர்கள் மேல் எனக்குக் கோபம் குறைவு. ஒரு நாளைக்கு அவ்வளவு வீடு ஏறி இறங்க வேண்டும் என்று கணக்கு வைத்து அனுப்புகிறார்கள், தெருவில் அவர்களுக்கென்று ஒரு இடமும் ஒதுக்கவில்லை, வலதுபக்கம் முழுக்க நாள் கணக்கில் அசையாத சொந்தக் கார்கள். அந்த வேனை ஓட்டுகிறவருக்கு ரோட்டின் நடுவில் நிற்பதா, சைக்கிள் தடத்தில் நிற்பதா என்ற இரண்டு தேர்வுதான் மிச்சம். நடுவில் நின்றால் பின்னால் நூறு கார் ஹாரன் அடிக்கும், தடத்தில் நின்றால் நாம் மணிதான் அடிப்போம். எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்றி இறக்கும் இடத்தை முதலில் ஒதுக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

எங்கள் கடைக்கு அரிசி மூட்டை இறக்க வேண்டும். வாசலில் சைக்கிள் தடம். என்ன செய்வது?

உங்கள் வட்டார அலுவலகத்தில் (பெர்லினில் 12 வட்டாரம், ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம்) கடைக்கு அருகே சரக்கு ஏற்றி இறக்கும் இடம் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். ஒரு கடையாகக் கேட்பதைவிட அந்த வரிசையில் இருக்கும் ஐந்தாறு கடைகள் சேர்ந்து கேட்பது நல்லது, பக்கத்து துருக்கிக் கடைக்காரருக்கும் பேக்கரிக்காரருக்கும் இதே பிரச்சினைதான் இருக்கும். நேரம் எடுக்கும், மறுக்க மாட்டேன். அதுவரை தெருமுனையில் எங்கே சட்டப்படி நிற்க முடியும் என்று பார்த்து, தள்ளுவண்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வீடு மாறுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். அந்த நாளுக்கு மட்டும் வாசலில் தற்காலிகமாக நிறுத்தத் தடை போட அனுமதி வாங்கலாம், பலகையைச் சில நாள் முன்பே வைத்துவிட வேண்டும். பணம் கட்டினால் பலகை வைத்துத் தரும் நிறுவனங்களும் உண்டு. பார்க்கிங் இடத்தைக் காலி செய்து அங்கே லாரி நிற்கும், சைக்கிள் தடம் திறந்தே இருக்கும். நண்பர்களைக் கூப்பிட்டு வீடு மாற்றும்போது இந்த ஒன்றை மட்டும் செய்துவிடுங்கள்.

புகார் கொடுக்க என்ன செய்ய வேண்டும்?

இரண்டு விதமான தேவை இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று, அந்தக் கார் இப்போதே அங்கிருந்து போக வேண்டும். இன்னொன்று, கார் போனாலும் பரவாயில்லை, அபராதம் வர வேண்டும்.

முதலாவதற்கு, வட்டாரத்தின் ஓர்ட்னுங்ஸ்அம்ட்டுக்கோ (பொது ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் நகர அலுவலகம்) போலீஸின் சாதாரண எண்ணுக்கோ போன் செய்ய வேண்டும். 110 அவசர எண், யாருக்காவது உடனடி ஆபத்து இருந்தால் மட்டும். வளைவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மறித்து நிற்கிறது, இருட்டுகிறது என்றால் அது உடனடி ஆபத்துதான் என்பது என் கருத்து.

இரண்டாவதற்கு, போலீஸின் இணையப் பக்கத்தில் எழுதலாம். அல்லது வெக்.எல்.ஐ. (weg.li) என்று இலவசமாக ஒரு கருவி இருக்கிறது, போட்டோவை ஏற்றினால் இடம், நேரம், நம்பர், என்ன தவறு என்பதையெல்லாம் வரிசையாகப் போட்டு, சரியான அலுவலகத்துக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடும். ஜெர்மனில் எழுதத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

போட்டோ எப்படி இருக்க வேண்டும் என்றால்: நம்பர் பிளேட் தெளிவாக ஒன்று, கார் முழுவதும் தடத்தின் கோட்டோடு சேர்த்து ஒன்று, சைக்கிள் படமோ நீலப் பலகையோ தெரிகிற மாதிரி ஒன்று. மூன்று நிமிஷத்துக்கு மேல் இருந்து பார்க்க முடிந்தால் ஆரம்பத்திலும் முடிவிலும் ஒவ்வொன்று எடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்காவது வழி மறிபட்டதை நீங்கள் பார்த்திருந்தால் அதை எழுத மறக்காதீர்கள், 55க்கும் 70க்கும் புள்ளிக்கும் வித்தியாசம் அந்த ஒரு வரிதான். "நான் ரோட்டுக்கு இறங்க வேண்டியிருந்தது, எனக்குப் பின்னால் வந்த இன்னொருவரும் இறங்கினார்" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நடக்காததை எழுத வேண்டாம், நீங்கள் அங்கே சாட்சி. பார்த்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள், இந்த மாதிரிச் சாலைக் குற்றங்களுக்குச் சட்டம் கொடுக்கும் காலம் மூன்றே மாதம்தான்.

அடுத்தவர் காரைப் போட்டோ எடுப்பது இந்த நாட்டில் குற்றம் இல்லையா? தரவுப் பாதுகாப்பு என்று பயமுறுத்துகிறார்களே?

இந்தப் பயம் கொஞ்ச நாள் உண்மையாகவே இருந்தது. பவேரியாவில், சைக்கிள் பாதையிலும் நடைபாதையிலும் நின்ற கார்களைப் படமெடுத்துப் போலீஸுக்கு அனுப்பிய இரண்டு பேருக்கு அந்த மாநிலத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. அவர்கள் வழக்குப் போட்டார்கள், சுற்றுச்சூழல் அமைப்பான டாய்ச்செ உம்வெல்ட்ஹில்ஃபெ துணைக்கு நின்றது. 2022 நவம்பரில் ஆன்ஸ்பாக் நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பார்க்கிங் குற்றத்தைத் தெரிவிப்பதற்காகப் படத்தைப் போலீஸுக்கு அனுப்புவது பொதுவாகச் சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

போலீஸுக்கு அனுப்புவது வேறு, நம்பர் பிளேட்டோடு வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். வழியில் போகிறவர்கள் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் என்றால் இன்னும் கவனம்.

என் பெயர் அந்தக் கார்காரருக்குத் தெரியுமா?

தெரியலாம். நீங்கள் பெயர், முகவரியோடுதான் புகார் கொடுக்க வேண்டும், பெயரில்லாத புகாரை வைத்து அபராதம் போடுவது கஷ்டம். சாட்சி என்ற முறையில் உங்கள் பெயர் அவருக்குப் போகும் கடிதத்தில் வரலாம். அதனால் உங்கள் சொந்தக் கட்டடத்து வாசலில் தினமும் நிற்கிற, எதிர் வீட்டுக்காரர் கார் என்றால் முதலில் போய்ப் பேசிப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். விசா, வேலை என்று பயப்படுகிறவர்களுக்கு: புகார் கொடுப்பதால் உங்கள் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் செய்வது சாட்சி சொல்வது.

"நான் ஓட்டவில்லை" என்று கார் சொந்தக்காரர் சொல்லிவிட்டால்?

இந்த நாட்டில் அபராதம் ஓட்டியவருக்குத்தான், சொந்தக்காரருக்கு அல்ல. ஓட்டியது யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் அபராதமும் புள்ளியும் போய்விடும். ஆனால் நிறுத்துவது சம்பந்தப்பட்ட குற்றங்களில் மட்டும், விசாரணைச் செலவைச் சொந்தக்காரர் தலையில் கட்ட சட்டம் இடம் கொடுக்கிறது. அது சின்னத் தொகை, இருபது சொச்சம் யூரோ. நிறுவன வண்டிகள் பல இப்படித் தப்பிப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

காரைத் தூக்கிக்கொண்டு போவார்களா?

போவார்கள், ஆனால் எங்கே என்பதில் பெர்லினுக்கு ஒரு தனி வழக்கம் இருக்கிறது. மற்ற பல ஊர்களில் காரை ஏதோ ஒரு கிடங்குக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைப்பார்கள். இங்கே பெரும்பாலும் பக்கத்தில் எங்கே சட்டப்படி காலியிடம் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். இடம் மாற்றுவது என்றுதான் அதற்குப் பெயரும். சொந்தக்காரர் வந்து பார்த்தால் கார் காணாமல் போயிருக்கும், போலீஸுக்குப் போன் செய்தால் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்பார்கள். செலவு அவருடையது, அதன் முன்னால் 55 யூரோ எல்லாம் சில்லறை. தூக்கும் வண்டி வந்த பிறகு ஓடி வந்து காரை எடுத்துக்கொண்டு போனாலும், வந்த செலவைக் கட்டச் சொல்வார்கள்.

பஸ் தடத்தையும் டிராம் தண்டவாளத்தையும் மறித்தால் நகரப் போக்குவரத்துக் கழகமான பி.வி.ஜி.யே தூக்கலாம், 2018இல் வந்த நகரப் போக்குவரத்துச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. சைக்கிள் தடத்துக்கு அப்படி ஒரு சொந்தக்காரர் இல்லை. பஸ் தாமதமானால் கணக்குக் கேட்க ஒரு கழகம் இருக்கிறது, நான் இறங்கி நடந்ததை யாரும் கணக்கு வைப்பதில்லை.

அபராதத்தை இன்னும் பல மடங்கு கூட்டினால் தீராதா?

ஓரளவு குறையும். தீராது. அபராதம் என்பது பிடிபட்டால்தானே. இவ்வளவு பெரிய ஊரில் எல்லாத் தெருவிலும் ஆள் நிற்க முடியாது, ஒரு வேன் நிற்கும் நேரமோ நாலு நிமிஷம். நான் போன் செய்து ஆள் வருவதற்குள் அந்த இடத்தில் அடுத்த வேன் வந்து நின்றிருக்கும்.

கார் ஏற முடியாதபடி தெருவைக் கட்டுவதுதான் வழி. இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. 2016இல் பெர்லின் சைக்கிள்காரர்கள் மக்கள் வாக்கெடுப்புக் கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள், 20,000 போதும் என்ற இடத்தில் மூன்றரை வாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. அதன் பலனாகத்தான் மேலே சொன்ன 2018 சட்டம் வந்தது. அதில், சைக்கிள் தடங்களை மோட்டார் வண்டிகள் அனுமதியில்லாமல் ஏறவோ நிற்கவோ செய்யாத விதத்தில் அமைக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. பெயின்ட் அடித்துவிட்டுப் போவது அந்தச் சட்டத்துக்கே போதாது.

ஹோல்ட்ஸ்மார்க்ட் தெருவில் போய் ஓட்டிப் பாருங்கள். தடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அங்கே போகும்போது என் தோள் தானாக இறங்குவதை உணர்கிறேன், திரும்பித் திரும்பிப் பார்க்கும் பழக்கம் நின்றுவிடுகிறது. கோட்புஸர் டாமைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருபுறமும் காய்கறிக் கடை, இறைச்சிக் கடை, சூப்பர் மார்க்கெட், சைக்கிளுக்கென்று ஒன்றுமே கிடையாது, இரண்டாவது வரிசையில் வண்டிகள் நின்றபடியே இருக்கும், நாம் பாம்பு மாதிரி நெளிந்து போவோம். 2020 வசந்தத்தில், கொரோனா காலத்தில், மஞ்சள் கோடும் சிவப்பு வெள்ளைத் தடுப்புகளும் வைத்து அவசரமாகத் தடம் போட்டார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் நிர்வாக நீதிமன்றம் இப்படிப் போட்ட தடங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதும், அடுத்த மாதம் மேல் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்ததும் தனிக்கதை. தடம் நின்றது. இன்றைக்கு அங்கே குழந்தைகளைப் பெட்டி சைக்கிளில் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம்.

தடுப்புக்கும் அளவு உண்டு. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஒரு கார் நுழையும் இடைவெளி இருந்தால் கார் நுழையும். ரொம்ப நெருக்கினால் குப்பை வண்டியும் ஆம்புலன்ஸும் திணறும். கான்ட் தெருவில் நடைபாதை ஓரமாகச் சைக்கிள் தடம், அதற்கு இடதுபக்கம் பார்க்கிங் என்று வைத்தார்கள். கார் வரிசையே சைக்கிள்காரருக்கு அரண் ஆனது, நல்ல யோசனைதான். ஆனால் தீயணைப்பு ஏணி வண்டி கட்டடத்திலிருந்து ரொம்பத் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது, ஏணி மேல்மாடிக்கு எட்டாது என்ற பிரச்சினை வந்தது. உடனே சைக்கிள் தடத்தையும் பார்க்கிங்கையும் இடம் மாற்றிவிடலாம், கார்கள் ஓரத்துக்குப் போகட்டும், சைக்கிள் வெளியே வரட்டும் என்று நகர நிர்வாகத்தில் பேச்சு கிளம்பியது. அப்படிச் செய்தால் மறுபடியும் எல்லா வேனும் தடத்தில்தான் நிற்கும். மூன்று பேருக்கு இடம் போதவில்லை என்றால் சைக்கிளும் தீயணைப்பு வண்டியும் இருக்கட்டும், கார் வரிசை போகட்டும் என்பது சைக்கிள் அமைப்புகள் கேட்டது. நானும் அந்தப் பக்கம்தான்.

அப்படியென்றால் கார்களை எங்கேதான் நிறுத்துவது?

பெர்லினில் ஒரு வீட்டுக்காரர் தன் காரைத் தெருவில் வைத்துக்கொள்ள வாங்கும் அனுமதிச் சீட்டின் விலை, வருஷங்களாக, வருஷத்துக்கு 10.20 யூரோவாகத்தான் இருந்தது. மாதத்துக்கு ஒரு யூரோகூட இல்லை. ஒரு சின்ன அறை அளவு இடம், நகரத்தின் நடுவில். அந்த விலைக்குக் கிடைக்கும்போது வாரம் ஒருமுறை எடுக்கும் காரும் தெருவிலேயேதான் இருக்கும், ஏற்றி இறக்க வருகிற வண்டிக்கு இடம் இருக்காது, அது சைக்கிள் தடத்துக்கு வரும். ஒவ்வொரு தெருவிலும் நாலைந்து கார் இடத்தை எடுத்து வேன்களுக்குக் கொடுத்தாலே நான் தினமும் பார்க்கும் மறிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

தடம் மறித்திருந்தால் நடைபாதையில் ஓட்டலாமா? குழந்தைக்கு?

பெரியவர்கள் ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டு போகலாம். எட்டு வயது முடியாத குழந்தைகள் நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும், ரோட்டிலிருந்து கட்டுமானத்தால் பிரித்த சைக்கிள் பாதை இருந்தால் அதிலும் ஓட்டலாம். வெறும் கோடு போட்ட தடத்தில் கூடாது. பத்து வயது முடியும் வரை நடைபாதை அனுமதி உண்டு. எட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தையோடு பதினாறு வயது முடிந்த ஒருவர் துணையாக நடைபாதையிலேயே சைக்கிளில் போகலாம். ஒருவர் மட்டும், அப்பா அம்மா இரண்டு பேரும் அல்ல. குழந்தை உங்கள் பின்சீட்டில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். பேசலாமா?

பேசலாம், எனக்குப் பாதிக்குப் பாதி பலன் கிடைத்திருக்கிறது. காரைத் தட்டாதீர்கள், கண்ணாடியை மடக்காதீர்கள், முன்னால் போய் மறித்து நிற்காதீர்கள். தட்டியதில் கீறல் விழுந்தது என்றால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஜன்னல் பக்கம், கதவு திறந்தால் படாத தூரத்தில் நின்று, கண்ணைப் பார்த்து, "கெனன் ஸீ பிட்டெ ஐன் ஷ்ட்டுக் ஃபோர்ஃபாரன்?" என்று கேளுங்கள். கொஞ்சம் முன்னால் எடுக்க முடியுமா என்று அர்த்தம். முன்னால் எங்கே இடம் இருக்கிறது என்று கையையும் காட்டினால் இன்னும் நல்லது, பலர் அதை எதிர்பார்ப்பதில்லை. போனில் இருக்கிறவர் கையை அசைத்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவார். மாட்டேன் என்றால் விவாதம் வேண்டாம். நான் பின்னால் தள்ளிப் போய், சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, மகளுக்கு ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு எனக்கு இரண்டு நிமிஷம் ஆகிறது.